இரண்டு விரல்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளே. என் குரல் முன்போல் எட்டாது. எங்கள் ஒஹாயோ ஆற்றங்கரை ஊரில், 1911 ஆகஸ்டில் நடந்த ஒரு பேஸ்பால் ஆட்டத்தைச் சொல்கிறேன்.

ஆம்ப்ரோஸ் கீலி எங்கள் அணியில் மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவன். எதிரே நின்று வீசுகிறவன் லூதர் பிராண்ட், பதினோரு வருஷச் சிநேகிதன். ஆம்ப்ரோஸ் ஒரு விரல் காட்டினால் லூதர் நேராக வீசுவான். இரண்டு காட்டினால் வளைத்து வீசுவான். தொடைகளுக்கு நடுவே மறைத்துக் காட்டும் அந்த விரல்கள் வேறு எவன் கண்ணுக்கும் படாது.

ஆனால் அன்று ஐந்தாவது இன்னிங்ஸிலிருந்து, இரண்டு விரல் காட்டிய போதெல்லாம் அடித்தவன் ஓடிப்போய்த் தொடும் மூலையான முதல் பேஸ் பக்கம் நின்ற எதிரணி ஆள் சீட்டியடித்தான். மட்டைக்காரன் நிதானமாகக் காத்திருந்து, வளைந்து வந்த பந்தை வெளுத்தான்.

ஆம்ப்ரோஸ் நெஞ்சில் ஒரு புழு நெளிந்தது. தன்னை விட்டால் அந்த விரல் கணக்கு தெரிந்தவன் லூதர் மட்டும்தானே? முந்தாநாள் ஹோட்டல் பின்வாசலில் மஞ்சள் கையுறை போட்ட ஒருவனோடு குசுகுசுத்துக்கொண்டிருந்தவன், இவனைக் கண்டதும் எதையோ சட்டைப்பைக்குள் திணித்தானே?

மேனேஜரும் மோப்பம் பிடித்துவிட்டார். "உன் ஆளு ஆட்டத்த வித்துட்டானா?"

"தெரியலைங்க."

"தெரிஞ்சா தலைய மட்டும் ஆட்டு. அந்த நிமிஷமே வெளிய அனுப்பிடறேன். அப்புறம் எந்த ஊர்லயும் அவன் பந்தத் தொட முடியாது. பொண்டாட்டி மாசமா இருக்கான்னு பாவம் பாக்காத."

கடைசி இன்னிங்ஸ். எங்களுக்கு இரண்டு ஓட்டம், அவர்களுக்கு ஒன்று. இரண்டு பேர் அவுட். முதல் பேஸில் அவர்கள் ஆள் ஒருவன், மூன்றாவதில் இன்னொருவன். மட்டைக்காரன் ஏற்கெனவே இரண்டு பந்தைத் தவறவிட்டிருந்தான். இன்னொன்று தவறினால் ஆட்டம் எங்களுக்கு.

ஆம்ப்ரோஸ் எழுந்து லூதரிடம் போனான்.

"மஞ்சக் கையுறைக்காரன் யாருடா?"

"பல் வைத்தியர். கடவாப்பல் அழுகிப்போச்சு, மருந்து குடுத்தாரு. மேனேஜருக்குத் தெரிஞ்சா ஒக்கார வெச்சிடுவாரு."

"நல்லா ஜோடிக்கிற."

லூதர் மேனேஜர் பக்கம் கை காட்டினான். "போய்ச் சொல்லு. அதோ ஒக்காந்திருக்காரு, நடக்கக்கூட வேணாம்." சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு பந்தில் மண் தேய்க்க ஆரம்பித்தான்.

ஆம்ப்ரோஸ் வந்து குந்தினான். மேனேஜர் புருவத்தை உயர்த்தினார். ஒரு தலையாட்டல்தான் பாக்கி. பழக்க தோஷம், கை தானாக இறங்கி இரண்டு விரலை நீட்டியது.

சீட்டி கேட்டது.

லூதரோ இன்னும் திரும்பவே இல்லை, விரலைப் பார்க்கவும் இல்லை.

ஆம்ப்ரோஸ் ஒரு விரலை நீட்டினான். சத்தமில்லை. மறுபடி இரண்டு. சீட்டி. குனிந்து தன் கையையே பார்த்தான். நேற்றுப் பந்து பட்டு வீங்கிய முன்கையில் அவன் மனைவி டீலியா சிவப்புத் துணி சுற்றி, பூ முடிச்சுப் போட்டிருந்தாள். இரண்டாவது விரல் நீளும்போதெல்லாம் சதை துள்ள, முடிச்சின் இரண்டு நுனியும் தொடைக்கு வெளியே முயல் காது மாதிரி குதித்தன.

மேனேஜரைப் பார்த்து இல்லையென்று தலையசைத்துவிட்டு, மறுபடி லூதரிடம் ஓடினான்.

"ரெண்டு காட்டுவேன். நேராப் போடு."

"ஏன், அதையும் நான் வித்துட்டா?"

"வித்தது என் கைடா." முடிச்சைத் துள்ளவைத்துக் காட்டினான். லூதர் சிரிக்கவில்லை.

இரண்டு விரல். சீட்டி. மட்டைக்காரன் வளைவுக்குக் காத்து நிற்க, பந்து அம்பாக வந்து ஆம்ப்ரோஸின் கைக்குள் அறைந்தது. ஜெயித்தோம்.

குளிக்கும் இடத்தில் லூதர் வாய் கொப்பளித்து ரத்தமாகத் துப்பினான். "நாளைக்கு முடிச்ச உள்பக்கமாப் போடச் சொல்லு," என்றான். ஊர் ஊராக ஆடப் போன ரயிலில் ஒன்பது நாள் வேறு பெட்டியில் உட்கார்ந்தான். பத்தாம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், ஆனாலும் ஆம்ப்ரோஸ் திரும்பினால் போதும், "என்ன பாக்குற?" என்பான். அந்தக் கேள்வி கடைசிவரை போகவில்லை.

உங்கள் வீட்டில் அப்படியொரு கேள்வி நுழையாமல் இருக்கட்டும், கண்ணுகளே. ஒரு மேசையில் சாப்பிடுகிறவர்கள் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துச் சாப்பிட்டு, நிறைந்து வாழுங்கள்.