குழிக்குள் எவரும் இறங்கவில்லை

“நீ எதுக்கு ஆபீசுக்கு வரணும்? உன் கையெழுத்துதான் இங்க இருக்கே” என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார் கணவர்.

நகராட்சித் தலைவி அடுப்பை அணைத்தாள். பைக்குள் இருந்தது கட்டைவிரல் அளவுக் கருவி. நகராட்சி வேலைகள் கணினிக்கு மாறியபோது, தலைவி கையெழுத்திடுவதற்கென்று கொடுத்தது. அதைக் கணினியில் செருகி ரகசிய எண்ணை அடித்தால் அவளே கையெழுத்துப் போட்டதாகிவிடும். கொடுத்த அன்று புகைப்படத்துக்காக ஒருமுறை கையில் வாங்கினாள். பிறகு அது அவரோடு ஒட்டிக்கொண்டது. தேர்தலில் நின்றதும் ஜெயித்ததும் அவள். ஊர் ‘தலைவரே’ என்று கும்பிட்டது அவரை. இரண்டு வருஷமாக அவளும் வாயைத் திறக்கவில்லை.

“இன்னிக்கு என்ன ஃபைல்னாவது சொல்லுங்க.”

“சொன்னா மட்டும் புரிஞ்சு கிழிச்சிடுவியாக்கும். டிபனை எடுத்து வை.”

அவர் சாப்பிட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

“தலைவர் ஐயா இருக்காங்களாம்மா?”

“நான்தான் தலைவி. சொல்லு.”

அவள் நம்பாதவள்போல வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள். “எங்க வீட்டுக்காரரை நெட்டைன்னு கூப்பிடுவாங்கம்மா. முந்தாநேத்து சாக்கடைக் குழிக்குள்ள இறக்கிவிட்டாங்க. விஷவாயு அடிச்சு மயங்கிட்டாரு. இன்னும் கண்ணு முழிக்கல. வேலையில அடிபட்டதுன்னு நகராட்சி சீட்டு கொடுத்தாத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்களாம். ஆபீசுல கேட்டா, குழிக்குள்ள யாருமே இறங்கலையேன்னு சொல்றாங்க.”

“ஆள் இறங்கக் கூடாதுன்னுதானே குழி அள்ள மிஷின் வாங்கினோம்? நான்தானே ரிப்பன் வெட்டினேன்.”

“அது எங்க சந்துல நுழையாதும்மா. முனையில நிறுத்திப் படம் எடுத்தாங்க, போயிட்டாங்க. அப்புறம் எப்பவும்போல இவரைத்தான் இறக்குனாங்க. உசரமான ஆளு, உள்ள நின்னு வாளியைத் தூக்கிக் கொடுக்கத் தோதா இருக்கும்னு.”

தலைவிக்குச் சுருக்கென்றது. செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு நடந்தாள். சந்து இரண்டு ஆள் அகலம்கூட இல்லை. குழியின் மூடி பாதி திறந்தபடி கிடந்தது. விளிம்பில் கறுத்துக் காய்ந்த சேற்றில் ஐந்து விரல்களும் இழுபட்ட தடம். அவள் அதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு நேராக நகராட்சிக்கு நடந்தாள்.

அவளைக் கண்டதும் எழுந்த எழுத்தர்கள், பின்னால் கணவர் வருகிறாரா என்று பார்த்தார்கள். ஆணையரும் அதையே கேட்டார். “சார் வரலையா மேடம்? இப்பத்தான் வேலையை முடிச்சிட்டு டீ குடிக்கப் போனாரு.”

“என்ன வேலை?”

ஆணையர் தயங்கியபடி கணினித் திரையைத் திருப்பினார். ‘இந்நகரின் கழிவுநீர்க் குழிகளில் மனிதர் எவரும் இறங்கவில்லை. பணிகள் யாவும் இயந்திரத்தால் நடைபெறுகின்றன.’ கீழே அவள் பெயர். கையெழுத்தான நேரம் ஒன்பது நாற்பது.

“ஒன்பது நாற்பதுக்கு நான் இந்தப் பொண்ணுகூட அந்தக் குழிகிட்ட நின்னேன். மாத்துங்க.”

“மேலிடத்துக்குப் போயிடுச்சு மேடம். சுத்தமான ஊருக்கான விருதுப் பட்டியல்ல நம்ம ஊரும் இருக்கு. இது இருக்கிற வரைக்கும் அந்த ஆளுக்குச் சீட்டு கொடுக்க முடியாது. ரெக்கார்டுபடி அவரு இறங்கவே இல்லையே.”

“வேற வழி?”

ஆணையர் குரலைத் தாழ்த்தினார். “நான் போட்ட கையெழுத்து இல்லன்னு நீங்க புகார் எழுதிக் கொடுத்தா இது செல்லாது. ஆனா யாரு போட்டாங்கன்னும் எழுதணும். போலீசுக்குப் போகும். கருவியைக் கைமாத்தி விட்டதுக்கு உங்க பதவிக்கும் ஆபத்து.”

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு கணவர் வந்தார். அந்தப் பெண்ணைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கோபப்படவில்லை. “வீட்டுக்கு வா, பேசிக்கலாம்” என்றார், குழந்தையைக் கூப்பிடுவதுபோல.

தலைவியின் மனம் தடுமாறியது. இருபத்திரண்டு வருஷ வாழ்க்கை. டைஃபாய்டில் அவள் படுத்துக் கிடந்தபோது ஒரு மாதம் தலைவாரிப் பின்னிவிட்டவர் இவர்தான். கெட்டவர் என்று யார் சொல்ல முடியும்?

“அந்தச் சந்துல மிஷின் போகாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். அதுக்காக ஊர் பேரைக் கெடுத்துக்க முடியுமா? விருது வரட்டும், அந்தாளை நாம கவனிச்சுக்கலாம்.”

“அதுவரைக்கும் உசிரு தாங்கணுமே ஐயா” என்றாள் நெட்டையின் மனைவி.

அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

தலைவி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “புகார் ஃபாரம் ஒண்ணு கொடுங்க சார்.”

“ஏய், என்ன பண்றேன்னு தெரியுதா?”

“எழுதறேன்.”

கையெழுத்திட்டவர் யார் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினாள். பக்கத்தில் உறவுமுறை கணவர் என்று எழுதினாள். கருவியை அவரிடம் விட்டுவைத்தவர் என்ற இடத்தில் தன் பெயரையும் எழுதினாள். அடியில் கையெழுத்திட்டபோது பேனா ஒருமுறை தடுக்கியது. பதவிக்கு வந்த இரண்டு வருஷத்தில் அவள் தன் கையால் போட்ட முதல் கையெழுத்து அது.

ஆணையர் புகாரை வாங்கி முத்திரை குத்தினார்.

“இப்ப அந்தச் சீட்டை அடிங்க” என்றாள் தலைவி, பேனாவை மூடாமல்.