சுண்ணாம்பு போடாத கூழ்

யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் மதுரை பஸ்களெல்லாம் கரிவாயுவில் இருமிக்கொண்டு ஓடிய காலம். மிஷன் பள்ளிக்கூடத்தில் ரசாயன வாத்தியாரான எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. சோளத்தட்டையை நறுக்கி, தண்ணீர் கலந்த கந்தக அமிலத்தில் வேகவைத்தால் சர்க்கரை பிரியும். சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறித்து, பிறகு நொதிக்க வைத்தால் சாராயம். அதில் மோட்டார் ஓடும். ஆரப்பாளையத்தில் ஒரு கொட்டகை பிடித்து அடுப்பு மூட்டினேன்.

தட்டை கொண்டுவந்தவன் முத்திருளன் என்ற வண்டிக்காரன். ஒரே ஜோடி மாடு, அதுதான் அவனுக்குச் சோறு. ஆக்கியதில் முதல் பிடி மாட்டுக்குத்தான் என்பதில் பிடிவாதக்காரன்.

"அதுக வாயில இருந்து பிடுங்கிக் கொண்டாரேன் சார். அதுகளுக்குக் குடுக்காம எப்படி?"

சுண்ணாம்பு போட்ட கூழில் ஒரு பிடி நானே அள்ளிக் கொடுப்பேன்.

சர்க்கார் அதிகாரி ஒருவர் பார்க்க வந்த அன்று, "தட்டையிலே சர்க்கரையாவது மண்ணாவது!" என்று சிரித்தார். அதற்குள் முத்திருளன், ஆறிக்கிடந்த அண்டாவிலிருந்து ஒரு கூடை அள்ளி மயிலைக்காளை முன்னால் வைத்துவிட்டான். அதில் இன்னும் சுண்ணாம்பு போடவில்லை. வறட்சிப் பசி, காளை ஆவலாகத் தின்றது. "அட, மாடே சாட்சி சொல்லிடுச்சே!" என்றார் அதிகாரி. வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கினேன். மறுநாள் வயிறு ஊதிக் காளை செத்தது.

"எவன் கண்ணு பட்டுச்சோ!" என்று முத்திருளன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன், சண்டாளன்.

அதன்பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், முதுகுக்குப் பின்னால் அசைபோடும் சத்தம் கேட்கும். பிள்ளைகள் வாயை மூடி உட்கார்ந்திருப்பார்கள். வேதக்கோயிலில் முழங்கால் போட்டால் வெந்த தட்டை வாசனையோடு சூடான மூச்சு பிடரியில் படும். ஜெபம் பாதியில் நின்றுபோகும். உண்மையிலேயே பயந்தேன்.

மூன்றாம் வாரம் முத்திருளன் தட்டையோடு வந்தான். நுகத்தில் ஒரு பக்கம் மாடு, மறுபக்கம் அவன். தோள் உரிந்து ரத்தம் கசிந்தது. பாரத்தை இறக்கியவன் நேரே அண்டாவுக்குப் போனான்.

"மயிலை பங்கை இனி நான்தான திங்கணும்" என்று ஒரு பிடி அள்ளினான்.

பாய்ந்துபோய் அவன் கையைத் தட்டிவிட்டேன். "திங்காதே! சுண்ணாம்பு போடலே, அமிலம்! குடலை அரிச்சிரும்!"

அவன் தன் வெறுங்கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அன்னைக்கும் போடலயா, சார்?"

"போடலே."

"நீங்க பக்கத்துலதான நின்னீக."