மாத்திரைக்கு முன் ஒரு துளி ரத்தம்

விடியக்காலை நான்கு மணிக்கே பெண்கள் மல்லித் தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். நெற்றியில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில், மொட்டு விரியும் முன் பறித்துச் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். பனியில் நனைந்த செடி சேலையை முழங்கால்வரை ஈரமாக்கும். குனிந்த இடுப்பு நிமிர ஏழு மணியாகும். அதுவரை பச்சைத் தண்ணீர்தான். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க இதைவிட வசதியான ஆஸ்பத்திரி எது? அதனால்தான் அறக்கட்டளையின் சுகாதாரப் பணியாளர் இசக்கிசெல்வி ஆறு வருடமாக மொபெட்டை வரப்போரம் நிறுத்தி, சர்க்கரை நோயுள்ள ஒவ்வொருத்தி விரலிலும் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்து, அளவு மாறியிருந்தால் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு, மாத்திரை கொடுத்து வந்தாள்.

இரண்டு மாதமாக ரத்தம் எடுப்பதில்லை. வெளிநாட்டு நிதி நின்றுபோனது. உள்ளூர் மில்காரர்களும் தொழில் படுத்துவிட்டது என்று கையை விரித்தார்கள். "புதுசா வாரவங்களுக்கு மட்டும் டெஸ்ட் பண்ணுங்க. பழைய ஆளுகளுக்கு மாத்திரைய அப்படியே கொடுத்திருங்க" என்று இயக்குநர் பெருமாள்சாமி போனில் சொன்னார். பணியாளர்கள் ஒன்பது பேரும் தலையாட்டினார்கள். தப்பு அங்கேதான் தொடங்கியது.

பூ விலை விழுந்ததும் தோட்டக்காரர்கள் பறிப்புக் கூலியைக் குறைத்தார்கள். இசக்கிசெல்வியிடம் மாத்திரை வாங்கும் சுந்தரம்மாள் ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்தாள். சோறு குறைந்தது, மாத்திரை குறையவில்லை. செவ்வாய்க்கிழமை காலை மூன்றாவது வரிசையில் பறித்துக்கொண்டிருந்தவள், "ஏட்டி இசக்கி, கண்ணு இருட்டுது" என்றாள். சர்க்கரை அளவு இறங்கி அப்படியே வரப்பில் சரிந்தாள். டீக்காரரிடம் சீனி வாங்கி உதட்டுக்குள் தேய்த்து, ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது. வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. பூப் பறிப்பவளுக்குக் கை முறிந்தால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

பெருமாள்சாமி கெட்டவரல்ல. ஒரு காலத்தில் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் இந்த அறக்கட்டளையைக் கட்டியவர். மூன்று மாதமாகச் சம்பளம் எடுக்காதவர். அன்று சாயங்காலம் அலுவலகத்தில் அவர் இசக்கிசெல்வியின் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"ஒன் கவனக்குறைவால நடந்ததுன்னு எழுதிக் கொடு."

"நீங்க சொல்லித்தான அண்ணாச்சி டெஸ்ட நிறுத்தினோம்?"

"அது வெளிய தெரிஞ்சா, பணம் கொடுக்க மிச்சம் இருக்க ஒரே டோனரும் போயிருவாரு. பதினோரு ஊருக்கும் மாத்திரை நின்னுரும். ஒரு ஆளு போனா மத்தவங்க பொழைச்சுக்கலாம்."

"அந்த ஒரு ஆளு நானா?"

"காலைல கொண்டுவா" என்றார்.

அவள் பக்கத்து அறையில் உட்கார்ந்து எழுதத்தான் செய்தாள். புருஷனுக்கு விசைத்தறியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. இந்தச் சம்பளமும் போனால் என்ன செய்வது? அதையும் மீறி, பதினோரு ஊர் என்ற சொல் அவளை எழுத வைத்தது. கடையநல்லூர்ப் பக்கம் இதே வேலை பார்க்கும், கணக்குக் கொடுக்க வந்திருந்த அலிமா பீவி பின்னாலிருந்து அதைப் படித்துவிட்டாள்.

"எதுக்கு செல்வி பொய் எழுதுத?"

"எல்லாருக்கும் மாத்திரை வேணும்லாக்கா."

"நேத்து நானும் பதினாலு பேருக்குப் பாக்காமத்தான் கொடுத்தேன். ஒன் ஆளு விழுந்துட்டா, என் ஆளு இன்னும் விழல. வேற என்ன வித்தியாசம்?"

அலிமா பீவி போன் போட்டாள். ஒரு மணி நேரத்தில் மற்ற ஏழு பேரும் வந்துவிட்டார்கள். ஒவ்வொருத்தியும் தான் பார்க்காமல் கொடுத்ததைச் சொன்னாள். சிலர் அழுதார்கள். புதுக் காகிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். அலுவலகம் சொன்னபடி நாங்கள் ஒன்பது பேரும் பரிசோதிக்காமல் மாத்திரை கொடுத்தோம். இனி கொடுக்க மாட்டோம். ரத்தம் பார்க்கும் ஸ்ட்ரிப் வரும்வரை நோயாளிகளை நாங்களே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவோம். சுந்தரம்மாளுக்குக் கை கூடும்வரை அறக்கட்டளை சோறு போட வேண்டும்.

"யாரு பேரு முதல்ல இருக்கோ, அவளத்தான் பிடிப்பாவ" என்றாள் அவர்களில் ஒருத்தியான ஜெயசித்ரா.

"அப்போ முதல் பேரே வேண்டாம். கையெழுத்த வட்டமாப் போடுவோம்" என்றாள் இசக்கிசெல்வி.

காலையில் பெருமாள்சாமி அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வட்டமாக நின்ற கையெழுத்துகளில் முதல் பெயர் எதுவென்று தெரியவில்லை.

"இத டோனருக்கு அனுப்பினா அறக்கட்டளையையே மூட வேண்டியதுதாம்மா."

"மூடச் சொல்லல அண்ணாச்சி. இன்னொருத்தி விழக் கூடாதுன்னு சொல்லுதோம்."

"வட்டத்துல இங்கன ஏன் இடம் விட்டிருக்கு?"

"அது ஒங்களுக்கு" என்றாள் இசக்கிசெல்வி. "உத்தரவு போட்ட கையும் இதுல சேரணும். சேந்தா, டோனர்ட்ட பத்து பேருமாப் பேசுவோம்."

அவர் பேனாவை எடுக்கவில்லை. காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கவுமில்லை. ஒன்பது பேரும் வெளியே வந்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே சீட்டு வாங்கும் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. முந்தின ராத்திரியே சொல்லிவைத்தபடி, பறிப்பை முடித்துவிட்டு நேராக வந்த பெண்கள் இருபது பேருக்கு மேல் அதில் நின்றார்கள். இசக்கிசெல்வியைக் கண்டதும் ஒருத்தி நகர்ந்து, அவளும் உடன் நிற்கத் தனக்கு முன்னால் இடம் விட்டாள்.