உச்சிப்பொழுதில் ஒரு கினோஷே

உறைந்த ஏரியின் பனியில் துளை போட்டு மீனுக்கு ஈட்டி எறிய விடியற்காலைதான் நல்ல நேரம் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு உச்சிப்பொழுதுதான்.

போன வருஷம் மர மில்லில் சிராய் தெறித்து இடது கண் போய்விட்டது. ஒற்றைக் கண்ணுக்குத் தண்ணீரின் ஆழம் பிடிபடாது. மீன் முழங்கை ஆழத்தில் நிற்கிறதா, ஆள் ஆழத்திலா என்று தெரியாது. என் தம்பி கிளிஃபர்ட் இதைத்தான் கடைகடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் மகள் டானிஸ், தன் பெண்குழந்தைக்கு நான்தான் பெயர் வைக்க வேண்டும் என்று எங்கள் வழக்கப்படி புகையிலை கொடுத்துக் கேட்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் பெயர் வைப்பவர் தன் கையால் குத்திய மீனோடு விருந்துக்கு வர வேண்டும். வாங்கிய மீனும் செல்லாது, வாங்கிக்கொண்ட உதவியும் செல்லாது.

விருந்து சனிக்கிழமை சாயங்காலம். வெள்ளி வரை என்னிடம் ஒரு செதில்கூட இல்லை. அக்காவால் முடியாது, நானே மீனும் பிடித்துப் பெயரும் வைக்கிறேன் என்று கிளிஃபர்ட் மகளிடம் பேசிப் பார்த்தானாம்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஏரிப் பனிமேல் நடந்தேன். விடியலில் போனவர்கள் எதிரே திரும்பிக்கொண்டிருந்தார்கள். மீனெல்லாம் சாப்பிட்டுத் தூங்கப் போய்விட்டன, வேர்னா என்று ஒருவன் என்னைக் கேலி செய்தான். தூக்கத்திலேயே குத்திக்கொள்கிறேன் என்றேன்.

துளைமேல் போட்ட என் சின்னக் குடிசையின் கதவைச் சாத்தினால் உள்ளே கும்மிருட்டு. காலடியில் துளை மட்டும் பச்சையாக எரியும். உச்சிப்பொழுதில் பனியைத் தாண்டி இறங்கும் வெளிச்சத்தில், மீனை எடுத்துக்காட்ட அடியில் நான் தூவிய முட்டை ஓடுகள்கூடத் தெரியும். ஒரு சிட்டிகைப் புகையிலையைத் தண்ணீரில் விட்டேன். மீனை ஈர்க்கச் செதுக்கிய மரமீனைக் கயிற்றில் நாலாவது முடிச்சு வரை இறக்கி, வட்டமாக நீந்தவிட்டேன்.

ஒரு கினோஷே மீன் வந்தது. நீண்ட வாய், என் கை நீளத்துக்கு உடம்பு. அவசரப்பட்டுவிட்டேன். ஈட்டி அதன் மேலாகப் போய்ச் சேற்றில் குத்தி நின்றது; அதன் கயிற்றைப் பிடித்து இழுத்தெடுத்தேன்.

சத்தம் கேட்டு, வெளியே நின்றிருந்த கிளிஃபர்ட் கதவைத் திறந்தான். வெளிச்சம் உள்ளே கொட்டியது.

"கதவைச் சாத்துடா."

சாத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்தான். "ஈட்டிய என்கிட்ட குடுக்கா. நீ குத்தினதாவே சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும். ஈட்டியத் தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்."

கோபத்தில்தான் புத்தி வந்தது. மீனின் ஆழம் எனக்குத் தெரியாது. மரமீனின் ஆழம் தெரியும், முடிச்சு என் விரலில் இருக்கிறது. மீன் வந்து அதை முட்டினால் இரண்டும் ஒரே ஆழம்; அதுவரை எறியக் கூடாது, அவ்வளவுதான்.

பன்னிரண்டரைக்கு இன்னொன்று வந்தது. முன்னதைவிடப் பெரிது. ஓரத்தில் அசையாமல் நின்றது. இப்ப எறி, இப்ப எறி என்று கிளிஃபர்ட் முணுமுணுத்தான். நான் எறியவில்லை. மீன் மெல்ல முன்னால் வந்து மரமீனை மூக்கால் இடித்தது. ஈட்டியை விட்டேன்.

தலைக்குப் பின்னால் இறங்க வேண்டியது வாலருகே இறங்கியிருந்தது. ஆனாலும் பிடித்துக்கொண்டது. ஈட்டிக் கயிற்றை நானே இழுத்தேன். அவன் கை நீட்டினான், முழங்கையால் தள்ளிவிட்டேன்.

கிழிந்த பக்கத்தை வெட்டி எறி, வருகிறவர்கள் சிரிப்பார்கள் என்றான். ஓட்டை மேலே தெரியும்படிதான் முழுசாகச் சுட்டுத் தட்டில் வைத்தேன்.

சாயங்காலம் கூடம் நிறைந்திருந்தது. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்க, "இன்னிக்கு மத்தியானம் நாங்க பிடிச்ச மீனு" என்றான் கிளிஃபர்ட்.

"நாங்க இல்ல, நான்," என்றேன். "பிள்ளையக் குடு."

அவன் டானிஸைப் பார்த்தான். அவள் தட்டிலிருந்த மீனைப் பார்த்தாள், பிறகு என்னை.

"அத்தைகிட்ட குடுப்பா," என்றாள்.