பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்

நான் கோபக்காரி இல்லை. எங்கள் தாராவி சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கொஞ்சம் யோசித்துவிட்டு. ஆனால் பன்னிரண்டு வருடம் மீன் குழம்பு வைத்துப் பழகின மண்சட்டியை, அடியில் லேசாக விரிசல் விட்டதென்று, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குப்பை வண்டியில் போட்ட மருமகளோடு எப்படிப் பேசுவது? நான் பேசவில்லை. ஷாலினியும் லேசுப்பட்டவள் இல்லை, அவளும் பேசவில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு அடி வீட்டில் பேசாமல் இருப்பது ஒரு வித்தை. என் மகன் மாரிசெல்வம் வீட்டில் இருந்தால் அவன் வழியாகப் பேசுவோம். "ஏலே, தண்ணி வந்துட்டுன்னு ஒம் பொண்டாட்டிகிட்ட சொல்லு." அவள் ஒரு முழம் தள்ளித்தான் நிற்பாள். அவன் வேலைக்குப் போய்விட்டால் நான் குக்கரிடம் சொல்வேன், அவள் பக்கெட்டிடம் பதில் சொல்வாள். இப்படியே ஒரு மாதம் ஓடியது.

அதனால்தான் அந்தக் கூத்து நடந்தது. செம்பூரில் சோலார் பேனல் மாட்டக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு. முதல் நாள் ஹெல்மெட் வாங்க வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் நின்றவள் திரும்பினாள். ஷாலினி! பெண்களும் வரலாம், நாற்பத்தைந்து வயது வரை வரலாம் என்று சந்தில் ஒட்டியிருந்த நோட்டீஸை நானும் பார்த்திருந்தேன், அவளும் பார்த்திருந்தாள். ஒருவருக்கொருவர் சொன்னால்தானே? எனக்கு வயது நாற்பத்து நான்கு.

எனக்கு அந்த வேலை வேண்டும். பழைய பிளாஸ்டிக் பிரிக்கும் கொட்டகையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை உள்ளே வருகிறவர்களின் தலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். பயிற்சிக்காக முதல் தடவை ஒரு மொட்டை மாடியில் ஏறி நின்றபோது சுற்றிலும் வானம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வேலைக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன், மருமகளோடு பேசுவதைத் தவிர.

பாடம் எடுத்தது மாதுங்காவிலிருந்து வரும் ஷ்யாமளா மேடம். என்னைவிட எட்டு வயது சின்னவள், அதட்டல் மட்டும் பெரிது. எங்கள் கூட்டத்தில் எல்லா ரகமும் உண்டு. தோல் பை தைத்துக்கொண்டிருந்த அப்துல் ரவூப், ஆபீஸ் நாற்காலி அலுத்துப்போன வைத்தீஸ்வரன், பியூட்டி பார்லரை விட்டு வந்த கோகிலவாணி. வேலைக்கு எடுக்கும் கம்பெனி ஜோடி ஜோடியாகத்தான் எடுக்கும். ஒருவர் தவறினால் இருவருக்கும் வேலை இல்லை. ஹெல்மெட்டுக்குள் சீட்டுப் போட்டு ஜோடி பிரித்தார்கள். என் கையில் வந்த சீட்டில் ஷாலினி என்று இருந்தது.

"மேடம், மாத்திக் குடுங்க!" என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம், ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி.

"மாத்தற பேச்சே கிடையாது," என்றாள் மேடம்.

வேலை இதுதான். ஒருத்தி பேனல் பக்கத்தில் நிற்பாள். இன்னொருத்தி தண்ணீர் டாங்குக்குப் பின்னால், சிவப்பு ஸ்விட்ச் அருகில். வெயில் அடிக்கிற வரை பேனலில் கரண்ட் வந்துகொண்டே இருக்கும். ஸ்விட்சை அணைக்காமல் ஒயரைப் பிடுங்கினால் நெருப்பு பறந்து கை வெந்துவிடும். அதனால் பேனல்காரி பெயர் சொல்லிக் கூப்பிட்டு, செய்ய வேண்டியதைக் கத்திச் சொல்ல வேண்டும். மற்றவள் அதையே திருப்பிச் சொல்லி, செய்து முடித்துவிட்டு, முடிந்தது என்று கத்த வேண்டும்.

நான் வானத்தைப் பார்த்து "ஆஃப்!" என்பேன். டாங்குக்குப் பின்னாலிருந்து "ஆஃப்" என்று ஒரு முனகல் வரும்.

"வடிவம்மா, பேரைச் சொல்லிக் கூப்பிடணும்," என்று மேடம் தலையில் அடித்துக்கொள்வாள். "ஒரே மாடில நாலு ஜோடி வேலை பண்ணுவா. யாரோட ஆஃப் யாருக்குன்னு எப்படித் தெரியும்?"

நான் தலையை ஆட்டுவேன். பெயர் மட்டும் தொண்டையைத் தாண்டாது.

பரீட்சை நாள். காலை பத்தரை மணி, நல்ல வெயில். பரீட்சை வைக்க வந்த மராட்டிக்காரர் கையில் பேப்பரோடு நின்றார். எங்களுக்குப் பக்கத்து வரிசையில் அப்துல் ரவூபும் கோகிலவாணியும். நான் வழக்கம்போல வானத்தைப் பார்த்து "ஆஃப்!" என்றேன். டாங்குப் பக்கமிருந்து உடனே "ஆஃப் ஆயிட்டு!" என்று ஒரு பெண் குரல். நான் குனிந்து ஒயரைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

"அத்தே! கைய எடுங்க! அது கோகிலா குரலு! நம்மது இன்னும் ஆஃப் ஆகல!"

என் கை அந்தரத்தில் நின்றது. இன்னும் ஒரு விரற்கடைதான். ஷாலினி டாங்கைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"செத்திருப்பீங்களே! பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வாயில இருந்து முத்தா உதிர்ந்துரும்?"

இரண்டு மாதத்தில் அவள் என்னிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு. திட்டுதான். ஆனாலும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். திட்டு வாங்கிக்கொண்டே சிரித்தேன்.

மராட்டிக்காரர் பேப்பரில் ஏதோ எழுதினார். நல்ல வேளையாகக் கூட்டாளி தடுத்துவிட்டாள், கை ஒயரில் படவில்லை, முதலிலிருந்து இன்னொரு தடவை செய்யலாம், அதற்குமேல் கிடையாது என்று இந்தியில் சொன்னார்.

ஷாலினி டாங்குக்குப் பின்னால் போனாள். நான் மூச்சை இழுத்துக்கொண்டேன்.

"ஷாலினீ! நம்ம ஸ்விட்ச ஆஃப் பண்ணுட்டீ!"

செம்பூர் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

"நம்ம ஸ்விட்ச ஆஃப் பண்ணுதேன் அத்தே!" சற்று நேரத்தில், "நம்மது ஆஃப் ஆயிட்டு அத்தே!"

மீட்டரை வைத்துப் பார்த்தேன், பூஜ்யம். ஒயரைக் கழற்றி மேலே தூக்கிக் காட்டினேன். மேடம் பரீட்சை என்பதையும் மறந்து கைதட்டினாள். மத்தியானமே முடிவு சொல்லிவிட்டார்கள். இருவரும் பாஸ், கோபர்கைரனேயில் திங்கட்கிழமை முதல் வேலை.

பஸ்ஸில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தோம். சந்துக்குள் நுழைந்ததும் ஷாலினி நேராகப் பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மியிடம் போனாள். வெளியே வரும்போது கையில் ஒரு மண்சட்டி. எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது.

"பழைய சட்டி போன மறுநாளே கும்பார்வாடால, சட்டி பானை செய்யுதவங்ககிட்டயே போயி வாங்குனேன். தெனமும் அரிசி கழுவுன தண்ணி ஊத்தி, எண்ண தடவி, இவங்க வீட்லதான் வச்சுப் பழக்குதேன்."

"இத்தன நாளா ஏன்ட்டி சொல்லல?"

"நீங்க எங்கூடப் பேசுனாத்தான சொல்ல?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சட்டியை வாங்கிக்கொண்டு, பையோடு மார்க்கெட்டுக்கு ஓடி, மீன் வாங்கி வந்தேன்.

சாயங்காலம் மாரிசெல்வம் கதவைத் திறந்தபோது நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஷாலினி அடுப்படியில், என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி நின்றாள்.

"ஷாலினீ! அடுப்ப ஆன் பண்ணு!"

"அடுப்ப ஆன் பண்ணுதேன் அத்தே!"

அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஆன் ஆயிட்டு அத்தே!"