தடம் பதினெட்டின் தூரம்

பேருந்துத் தடம் எண் பதினெட்டு நிறுத்தப்பட்ட மறுநாள் காலையில், ஆலோசகருக்கும் அவர் மனைவிக்கும் நடுவில் ஒன்பது கிலோமீட்டர் தூரம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் படுக்கையறை வாசலில் நின்றார். மனைவி சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன நடைகூடம், நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும். அன்று முடியவில்லை. அதே சாம்பல் நிறத் தரைக்கல், அதே டியூப்லைட், அதே செருப்பு அலமாரி, எல்லாம் கண்ணுக்கு எட்டிய மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தன. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். செல்போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க? காபி ஆறுது."

"இங்கதான் நிக்கறேன். நீ எங்க இருக்க?"

"காலங்காத்தால என்ன கேள்வி இது? அடுப்படியிலதான்."

பின்கதவு வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு சமையலறை ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார். ஜன்னல் வரவே இல்லை, கொல்லைப்புறம் நீண்டுகொண்டே போனது. வந்த வழியே திரும்பினார். வேறு வழி தெரியாமல் நடைகூடத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். பாத்திரம் தேய்க்க வரும் அக்கா அந்த நேரம் பார்த்துத்தான் வந்தாள். ஐயா கைகளை வீசி வீசி நடக்கிறார், வேர்த்து ஒழுகுகிறது, ஆனால் நின்ற இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. அவரை ஒட்டி ஒதுங்கிச் சமையலறைக்குப் போக அவளுக்கு வழக்கம்போல நாலு எட்டுதான் ஆனது. "யம்மா, ஐயா நடக்கறாரு, நகரலம்மா!" என்று அலறினாள். மனைவி பதறி ஓடி வந்தார். வந்தவரும் சமையலறை வாசலுக்கு வெளியே நின்ற இடத்திலேயே ஓடத் தொடங்கியதும், அக்கா தலையில் கைவைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் பால் இருக்கும் நினைவு வந்து மனைவி திரும்பிவிட்டார். அவர் மட்டும் நடந்தார். இரண்டு மணி நேரம் கழித்துச் சமையலறை முக்காலியில் வந்து விழுந்து, நடந்த எட்டுகளை எண்ணும் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். சரியாக ஒன்பது கிலோமீட்டர் என்று காட்டியது. பதினெட்டாம் தடத்தின் நீளத்தைத் தன் அறிக்கையில் எழுதியவரே அவர்தான்.

அவர் யாரென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தடையில்லா வணிகத்துக்கான ஆய்வு மையம் என்று ஒன்றை ஒரு சலவைக் கடையின் மாடியில் நாலு நாற்காலி போட்டுத் தொடங்கியவர். அவர் அப்பா வைத்திருந்தது சைக்கிள் கடை. பக்கத்தில் ஒரு மாவு மிஷின் போட அனுமதி கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியே அந்த மனிதர் போய்ச்சேர்ந்தார். அந்தக் கோபம் மகனுக்குள் ஆறவே இல்லை. கடை திறக்க அனுமதி வேண்டாம் என்று பதினைந்து வருடம் தொண்டை கிழியப் பேசி, கடைசியில் சட்டத்தையே மாற்ற வைத்தார். இன்றைக்கு எங்கள் ஊரில் காலையில் நினைத்தால் சாயங்காலம் கடை போடலாம். அந்தப் புண்ணியம் அவரைச் சேர்ந்தது, அதை மறுக்க மாட்டேன். அதன் பிறகு மந்திரிகள் அவரை விடவில்லை. எங்கே எதை வெட்டலாம் என்று அவரைத்தான் கேட்டார்கள், பத்திரிகைக்காரர்களும் அவருக்குக் கத்தரி என்று பெயர் வைத்தார்கள். போக்குவரத்துச் சீரமைப்புக் குழுவுக்குத் தலைவரானதும் நஷ்டத்தில் ஓடும் தடங்களை எடுத்து அவர் வெட்டிய முதல் வெட்டு, பதினெட்டு.

அந்தப் பேருந்தை நம்பியிருந்த ஊர்க்காரர்கள் கொதித்துப்போய்க் கிளம்பி வருவார்கள் என்று போலீஸ் நின்றது. வந்தார்கள். ஆனால் கிளம்பிய மறு நிமிடமே வந்துவிட்டார்கள். எங்கள் சந்தையில் வெங்காய மண்டிக்குப் பின்னால் திரும்பினால் முன்பு ஒரு சாக்கடை இருக்கும். இப்போது அங்கே அவர்கள் ஊர்த் தண்ணீர்த்தொட்டி நின்றது. நடுவில் இருந்த ஒன்பது கிலோமீட்டரைக் காணோம்! நாங்கள் பிளந்த வாய் பிளந்தபடி நிற்க, அந்த ஊர்ப் பெண்கள் கூடையோடு ஒரு காலை அங்கேயும் ஒரு காலை இங்கேயும் வைத்துத் தாண்டி வந்து கத்தரிக்காய் விற்றார்கள். விலைகூடக் குறைந்தது. மையத்துக்குப் பணம் கொடுக்கும் முதலாளிமார் கூத்தாடினார்கள். பேருந்தை நிறுத்துங்கள், மக்கள் தாங்களே வழி கண்டுகொள்வார்கள் என்று அவர் சொன்னது அப்படியே பலித்துவிட்டதாம். மேடைக்கு மேடை மாலை. மாலையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போய், மனைவி முகத்தைப் பார்க்க இரண்டு மணி நேரம் நடந்ததை அவர் எந்த மேடையிலும் சொல்லவில்லை.

மனைவி கண் மருத்துவமனையில் பார்வை சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவர். ஊரில் கண்ணாடியம்மா என்றால்தான் தெரியும். மையத்தின் அறிக்கை எதுவும் அவர் படித்து, நாலு இடத்தில் அடித்துத் திருத்தாமல் வெளியே போனதில்லை. ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டிருக்கும் வரை தூரம் ஒன்றும் செய்யாது, கை விட்டதும் வந்து நிற்கும் என்பதை முதல் வாரத்திலேயே கண்டுகொண்டார்கள். அவருக்கு அலுவலகம் உண்டு, இவருக்கு வரிசையில் நோயாளிகள் உண்டு, நாள் முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டா இருக்க முடியும்? சாயங்காலமானால் அவர் நடைகூடத்தின் அந்தக் கோடியிலிருந்தும் இவர் இந்தக் கோடியிலிருந்தும் கிளம்பினார்கள். பாதியில் சந்தித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அன்றைய கதையெல்லாம் பேசினார்கள். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியதில்லை என்று அந்த அம்மாளே எங்கள் வீட்டில் சொல்லிச் சிரித்தார்.

பேருந்துக்கும் இதற்கும் சம்பந்தமிருக்கிறதா, தற்செயலா என்று ஆலோசகருக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. படித்தவர் அல்லவா, ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவுக்கு வர மாட்டார். அடுத்த வருடம் ஏரிப் படகுத்துறையை மூடக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஏரியின் அக்கரை எங்கள் படகுத்துறைப் படிக்கட்டுக்கே வந்து நின்றது, குழந்தைகள் தாண்டிக் குதித்துப் பள்ளிக்கூடம் போனார்கள். அவர் வீட்டில் தண்ணீர் வந்துவிட்டது. மற்றவர்களுக்குக் காய்ந்த தரை, அவர்கள் இருவருக்கு மட்டும் ஆழத் தண்ணீர். காற்றடைத்த படகு ஒன்றை வாங்கினார். நடைகூடத்துத் தரையில் படகில் உட்கார்ந்து துடுப்புப் போட்டபடி சட்டை நனைந்து சொட்டச் சொட்ட அவர் இருந்ததையும், பக்கத்திலேயே அக்கா கால்கூட நனையாமல் காபியை நீட்டியதையும், வரி விஷயமாகப் போன நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன். 

அதோடு அவர் பயந்துவிட்டார். மூன்றாவதாக மேசையில் இருந்த, மலைப் பேருந்துத் தடத்தை நிறுத்தும் கோப்பை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். நஷ்டமானாலும் பேருந்துகளை அரசு விடாமல் ஓட்ட வேண்டும் என்று, மையத்தின் பெயரிலேயே ஓர் அறிக்கை எழுதினார். இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. மானியம் என்ற சொல்லையே கெட்ட வார்த்தை மாதிரி உச்சரிக்கும் மனிதர் மானியம் கேட்கிறார்! கத்தரி மழுங்கிவிட்டது என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. முதலாளிமார் பணத்தை நிறுத்தினார்கள். இன்னொரு பக்கம், நாடெங்கும் இருந்து ஜனங்கள் அவர் வீட்டு வாசலில் வந்து குவிந்தார்கள். எங்க பஸ்ஸையும் நிறுத்துங்க சார், நாங்க மட்டும் என்ன பாவம் செஞ்சோம் என்று காலில் விழாத குறை. உலகத்திலேயே பேருந்தை நிறுத்தச் சொல்லி ஜனங்கள் கெஞ்சியதும், கத்தரி என்று பேர் வாங்கியவர் முடியாது என்று கதவைச் சாத்தியதும் எங்கள் ஊரில்தான் நடந்திருக்கும்.

மலையிலிருந்து வந்த ஒரு பெரியவர் ஆலோசகர் வாசலுக்குப் போகவில்லை, கண் மருத்துவமனைக்குப் போனார். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னபோது படிக்காமல், கண்ணாடியம்மாவைப் பார்த்தபடி சொன்னார். "என் மருமவளுக்கு மாசம் எட்டாவுதும்மா. மொதப் பிரசவத்தப்ப பஸ்ஸு பாதி மலையில நின்னுபோச்சு. புள்ளையத் துணியில சுத்தித்தான் கீழ எறக்குனோம். ஒங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க." அந்த அம்மாளின் கையிலிருந்த கண்ணாடி வில்லை கீழே விழுந்து உடைந்தது. அன்று சாயங்காலம் நடந்தும் துடுப்புப் போட்டும் அவரிடம் வந்து சேர்ந்ததும், உட்காராமலேயே கேட்டார்.

"அந்த மலை ஃபைலு எங்க?"

"அத விடு. எவ்வளவு தூரம்னு தெரியுமா? போக ஒரு நாள், வர ஒரு நாள். ஆபீஸ் போனா உன்னப் பாக்க முடியாது. உன்னப் பாத்தா ஆபீஸ் போக முடியாது."

"எனக்கு மட்டும் ஆசையா? எனக்கும் அழுகையாத்தான் வருது." அழுதேவிட்டார். அழுதபடியே சொன்னார். "பதினெட்ட நிறுத்தும்போது, அந்த ஜனங்க என்னங்க பண்ணுவாங்கன்னு கேட்டேன். எப்படியாவது போயிக்குவாங்கன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா? இப்ப நாம எப்படியாவது போயிக்குவோம்."

 விடியும் வரை அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் ஒரு கையால் கோப்பை எடுத்துக் கையெழுத்துப் போட்டார், இன்னொரு கையை விடவில்லை. அதன் பிறகு சில நாட்கள் ஊரே அவர்களை வேடிக்கை பார்த்தது. வங்கியில், முடிதிருத்தும் கடையில், மந்திரி அலுவலகத்தில், எங்கே போனாலும் இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கைகோத்தபடியே போனார்கள். மருத்துவமனையில் மனைவி பார்வை சோதிக்க, பக்கத்தில் முக்காலி போட்டு அவர் அமர்ந்திருந்தார். நானும் வரிசையில் இருந்த ஒரு நாள், அழுது அடம்பிடித்த குழந்தை ஒன்று சோதனைக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. குழந்தையின் கண்ணில் குத்திவிடப் போகிறதே என்று அந்த அம்மாள் இரண்டு கையாலும் பாய்ந்து பிடித்தார். அவ்வளவுதான். மலைப்பாதையின் மூடுபனி இறங்கியது எங்கள் யாருக்கும் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. கை நீட்டினால் தொடும் இடத்தில் நின்ற மனைவியைப் பார்த்து, "எங்க இருக்க? எங்கம்மா இருக்க?" என்று கத்தினார். அந்த அம்மாளும் எங்கள் எல்லோர் முகத்துக்கு ஊடேயும் பார்த்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டார். வரிசையில் இருந்த ஒருவர் பொறுக்க முடியாமல் இருவர் கையையும் பிடித்துச் சேர்த்து வைக்கப் பார்த்தார், சேரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு காட்சியை எங்கள் ஊர் கண்டதில்லை, இனிமேல் காணவும் வேண்டாம்.

அந்த மலையூர் இப்போது மருத்துவமனைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பெரியவரின் மருமகள் வலி எடுத்ததும் தன் காலாலேயே நடந்து வந்து, ஒரு பெண் குழந்தையைப் பெற்றுக்கொண்டு, மறுநாள் நடந்தே போனாள். ஆலோசகர் மையத்திலிருந்தும் குழுவிலிருந்தும் விலகிவிட்டார். மனைவியும் வேலையை விட்டுவிட்டார். குழுவுக்கு அடுத்து வந்த தலைவருக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது, அவர் பேருந்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. மந்திரிகள் இன்னும் யோசனை கேட்டு ஆலோசகர் வீட்டுக்கு வருகிறார்கள், நடைகூடத்திலேயே பேசிவிட்டுப் போகிறார்கள். இருவரும் நடந்து சந்திக்கிறார்கள், பிடித்த கையோடு சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள். தூக்கத்தில் எப்போதாவது பிடி நழுவிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். மழைக்காலத்தில் மலைப்பாதை வழுக்குகிறதாம், அப்போது கொஞ்சம் தாமதமாகும்.

போன வாரம் நான் போனபோதும் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒரு முழ இடைவெளியில் எதிரும் புதிருமாக, மூச்சு வாங்க, ஒருவரையொருவர் பார்க்காமல். அக்கா வாளியும் துடைக்கிற துணியுமாக வந்து இருவருக்கும் நடுவில் குந்தினாள். "ரெண்டு பேரும் காலத் தூக்குங்க, தரை தொடைக்கணும்," என்றாள். நடந்துகொண்டே இருந்ததால் அவர்கள் எப்படியும் காலைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தார்கள், துடைப்பதில் அவளுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.