நிழலுக்குத் தடையுத்தரவு

வைரக்கண்ணுவுக்குக் குறுவை நாற்றைவிட வரப்போரத்து மூன்று குழி நிலத் துண்டுதான் பெரிது என்று சொன்னால் அபாண்டம். இரண்டும் பெரிது. பங்காளி அமிர்தலிங்கத்தோடு பதினாறு வருஷ வழக்கு அது. சூரியனும் இலையும் மாறி மாறி ஆட்சிக்கு வந்தும் வாய்தா மட்டும் ஓயவில்லை. அதனால்தான், வெயிலில் ஒரு பங்கை ஆகாயத்துக்கே திருப்பியனுப்பும் இயந்திரத்துக்கு ஆராய்ச்சிக்கார சஃபியா இடம் கேட்டதும், அந்தத் துண்டையே காட்டிவிட்டார். நாற்றுக்கு நிழல், நிலம் தன் அனுபோகத்தில் இருப்பதற்குச் சாட்சி.

இயந்திரம் உப்புப் பொடியை மேலே ஊதியது. வயலுக்கு மேல் வெள்ளை மூட்டம் நின்றது. போன வருஷம் கருகிய நாற்றங்கால் இந்த வருஷம் பச்சைப்பசேலென்று இருந்தது. நிறுத்துவதானால் தினம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், நிழலில் வளர்ந்த நாற்று திடீர் வெயிலைத் தாங்காது என்று சஃபியா எச்சரித்திருந்தாள். வைரக்கண்ணு தலையாட்டினார். யார் நிறுத்தப் போகிறார்கள்?

அமிர்தலிங்கம் நிறுத்தினார். வரப்புக்கு அந்தப் பக்கம் அவரும் ஓசி நிழலில் நாற்று விட்டிருந்தார். ஆனால் சும்மா இருந்தால், அன்றைக்கே ஏன் ஆட்சேபிக்கவில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் நாளைக்குக் கேட்பாரே! அவர் வாங்கிய தடையுத்தரவோடு கோர்ட் அமீனா வந்தார். படிப்படியாக நிறுத்தலாம் என்று சஃபியா கெஞ்சினாள். உத்தரவில் அப்படி எழுதவில்லை என்று அவர் சுவிட்சை அணைக்க வைத்தார்.

மூன்றாம் நாள் வரப்புக்கு இரண்டு பக்கமும் வைக்கோல் நிறம். அமிர்தலிங்கத்தின் நாற்றங்காலைப் பார்த்து வைரக்கண்ணுவுக்குச் சந்தோஷம் பொங்கியது. தன்னுடையதைப் பார்த்ததும் அழுகை வந்தது.

மறுபடி விதைக்கலாம், இருவரும் சம்மதமென்று ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால் இயந்திரத்தை ஓட்டலாம் என்றாள் சஃபியா. யார் பெயர் முதலில் என்று கேட்டார் அமிர்தலிங்கம். அகர வரிசை என்றாள். வைரக்கண்ணு பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:

"உலகம் பூராவுக்கும் இதை வைக்கலாம்னு சொன்னீங்களேம்மா, அதுக்கு யாரு கையெழுத்துப் போடணும்?"

"எல்லா நாடும்தாங்க."

"அவுங்களும் பங்காளிங்களா?"

சஃபியா தாளை மடித்தாள். "பக்கத்துப் பக்கத்து நாடெல்லாம் அப்படித்தாங்க."

பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக இருவரும் சேர்ந்து உச்சுக்கொட்டினார்கள். பிறகு விலைக்கு நாற்று தேடித் திருக்காட்டுப்பள்ளிக்குக் கிளம்பினார்கள், தனித்தனியாகத்தான். பஸ் நிறுத்தத்தில் இருந்ததோ ஒரே புங்கமரம். பஸ் வரும்வரை இருவரும் அதன் நிழலில்தான் நின்றார்கள். அதற்கு யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.